கவராயத்தை வைத்துவிட்டு அடிமட்டத்தை எடுங்கள்: வட்டங்களுக்குள் அடங்காத தொடைகளை வரைவது எப்படி

எங்கள் சனசமூக நிலையத்துப் பொதுக்கூட்டத்துக்காக ஒரு பிறிஸ்ரல் போட்டில் நான்கு வட்டங்கள் போட்டேன். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் தவிர்ந்த நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று காட்ட வேண்டும். நிலையத்து நூலகம், விளையாட்டுக் கழகம், ரியூசன், அறநெறிப் பாடசாலை என்று நான்கு இடங்கள், நான்கு நிறங்கள். ஒன்றின் மேல் ஒன்று படிந்து பார்க்க வடிவாகத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் எழும்பி வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, ரியூசனுக்கும் பந்தடிக்கும் மட்டும் போற பெடியன் இதில எங்க நிக்கிறான்?"

அவர் தேடியது தன் பேரனை. நானும் தேடினேன். அப்படி ஒரு இடமே படத்தில் இல்லை. ரியூசன் வட்டம் ஒரு மூலையில், விளையாட்டு வட்டம் அதற்கு எதிர்மூலையில். இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் மற்ற இரண்டில் ஒன்றாவது வந்து படுத்துக் கிடந்தது. கணக்கைப் பார்த்தால், அந்த இரண்டுக்கும் மட்டும் போகிற பிள்ளைகள்தான் ஊரில் அதிகம். அதிகமான பிள்ளைகளுக்கு நிற்க இடம் கொடுக்காத படம் ஒன்றைத்தான் இரண்டு மணித்தியாலம் செலவழித்து வரைந்திருக்கிறேன்.

அந்தப் படத்தைக் கழற்றிய பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை, இதை முதன்முதலாகச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இலங்கைப் பாடப்புத்தகச் சொற்களையே பாவிக்கிறேன்: தொடை என்றால் ஏதாவது ஒரு பண்பால் சேர்ந்த கூட்டம் (இங்கே ஒரே இடத்துக்குப் போகும் பிள்ளைகள்), இடைவெட்டு என்றால் தொடைகளுக்குப் பொதுவான பகுதி. தமிழ்நாட்டில் படித்தவர்கள் தொடை என்று வரும் இடத்தில் கணம் என்றும், இடைவெட்டு என்று வரும் இடத்தில் வெட்டு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள். எண்களைச் சொல்லித்தர வசதியாகக் கொஞ்சம் மாற்றி, பிள்ளைகளின் தொகையை 60 என்று வைத்திருக்கிறேன்.

நான்கு வட்டங்கள் ஏன் காணாது

சாதாரண தரத்துக்குத் தொடைகள் படித்த எல்லாருக்கும் மூன்று வட்ட வென் வரிப்படம் (ஒன்றின் மேல் ஒன்று படியும் வட்டங்களால் தொடைகளைக் காட்டும் படம்) தெரியும். அதனால் நான்காவது வரும்போது கை தானாகக் கவராயத்துக்குப் போகிறது. ஒரு பிள்ளை ஒவ்வொரு தொடையிலும் ஒன்றில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. ஆகவே இரண்டு தொடை என்றால் 4 பிரதேசங்கள் வேண்டும், மூன்றென்றால் 8, நான்கென்றால் 16. வெளியே நிற்கும் பிரதேசமும் இதில் சேர்த்தி.

இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று ஆகக்கூடியது இரண்டு புள்ளிகளில்தான் வெட்டும். முதல் வட்டம் தாளை உள்ளே, வெளியே என்று 2 பிரதேசங்களாக்கும். இரண்டாவது வட்டம் இரண்டு வெட்டுப்புள்ளிகளால் 2 பிரதேசங்களைக் கூட்டி 4 ஆக்கும். மூன்றாவது 4 கூட்டி 8 ஆக்கும். நான்காவது வட்டம் மற்ற மூன்றையும் ஆறு புள்ளிகளில் வெட்டி 6 கூட்டும். மொத்தம் 14. தேவையோ 16. எப்படி நகர்த்தினாலும் இரண்டு பிரதேசங்களாவது குறையும்.

சரி, யாருமில்லாத இரண்டு பிரதேசங்கள் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்து இடம் மாற்றிப் பார்த்தேன். சதுரமாக வைத்த நான்கு வட்டங்களில் எதிர்மூலைச் சோடிகள்தான் இடம் இழக்கும். ரியூசனையும் விளையாட்டையும் எதிரெதிரே வைத்தால் 11 பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் போவார்கள். ரியூசனையும் அறநெறியையும் வைத்தால் 8 பேர், மற்றச் சோடியில் இன்னுமொருவர். ரியூசனையும் நூலகத்தையும் வைத்தால் 4 பேர். யாரையாவது வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்த ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் வென் 1880இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியபோதே இது அவருக்குத் தெரியும். நான்குக்கு அவர் வட்டத்தை விட்டு நீள்வளையத்துக்கு (நீள்வட்டம்) போனார். நான்கு நீள்வளையங்களால் 16 பிரதேசங்களையும் கொண்டுவரலாம். ஆனால் சில பிரதேசங்கள் நகக்கண் அளவுக்கு ஒடுங்கிவிடும். அதற்குள் "அறநெறிப் பாடசாலை" என்று தமிழில் எழுதிப் பாருங்கள், தெரியும்.

முதலில் இடாப்பு, பிறகுதான் படம்

வரைய உட்காருவதற்கு முன் ஒரு வரவு இடாப்பு தயாரிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை, ஒரு தொடைக்கு ஒரு நிரல். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னாலும் சண்டை தொடங்குவது இங்கேதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆங்கிலம் படிக்கப் போவது ரியூசனா? பேப்பர் பார்க்க மட்டும் நூலகத்துக்கு வருகிற பிள்ளையைச் சேர்ப்பதா, புத்தகம் எடுக்கிற பிள்ளையைத்தான் சேர்ப்பதா? ஒரு தொடையின் வேலிக்கம்பி எங்கே போகிறது என்று எழுதி வைக்காமல் வரைந்தால், கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், வேலியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் எங்கள் தீவுகள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஆட்கள் குடியிருக்கும் தீவுகளை "தரைவழி போகலாம்", "கடல்வழி போகவேண்டும்" என்று இரண்டு தொடைகளாகப் பிரியுங்கள். மண்டைதீவு, வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கும் தீவு, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் முதல் தொடை. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு இரண்டாவது. இரண்டு தனித்தனி வட்டம், இடைவெட்டு இல்லை, சுகமான வேலை என்று நினைப்பீர்கள். அப்போது ஒருவர் எழும்பி, "ஊர்காவற்றுறையில இருந்து காரைநகருக்குப் பாதையில கடல் கடந்து போறதில்லையோ?" என்பார். அவர் சொல்லும் பாதை கடலைக் கடக்கும் மிதவை, ஆகவே அவர் சொல்வதும் நியாயம். "யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து தரைவழியாகப் போய்ச்சேர முடியுமா" என்று கேள்வியை முழுதாக எழுதியிருந்தால் அவர் எழும்பியிருக்கமாட்டார்.

நாங்கள் கடைசியில் வைத்த விதி: கடந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவையாவது போயிருந்தால் 1. எல்லாத் தொடைக்கும் ஒரே விதி. அதைப் படத்தின் அடியில் ஒரு வரியாகவும் எழுதினோம்.

இடாப்பு முடிந்ததும் ஒரே மாதிரியான நிரைகளை எண்ணுங்கள். கையால் என்றால் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணலாம். எக்செலில் என்றால் நான்கு நிரல்களையும் & குறியால் ஒட்டி ஐந்தாவது நிரல் ஒன்று செய்யுங்கள். ரியூசன், விளையாட்டு, அறநெறி, நூலகம் என்ற ஒழுங்கில் 1100 என்று வந்தால் ரியூசனும் விளையாட்டும் மட்டும். அந்த நிரலைப் பிவொட் அட்டவணையில் போட்டால் எது எத்தனை தரம் என்று வந்துவிடும். எனக்கு வந்தது இது:

ரியூசன் + விளையாட்டு: 11
ரியூசன் மட்டும்: 9
ரியூசன் + அறநெறி: 8
ரியூசன் + அறநெறி + நூலகம்: 7
ரியூசன் + விளையாட்டு + அறநெறி: 6
விளையாட்டு மட்டும்: 5
ரியூசன் + நூலகம்: 4
ஒன்றுக்கும் போகாதவர்: 4
நான்குக்கும் போகிறவர்: 3
அறநெறி மட்டும்: 2
விளையாட்டு + நூலகம்: 1

கூட்டிப் பாருங்கள், 60 வரவேண்டும். வராவிட்டால் யாரையோ இரண்டு தரம் எண்ணியிருக்கிறீர்கள், அல்லது விட்டுவிட்டீர்கள். 16 சேர்க்கைகளில் 11இல்தான் ஆட்கள் இருக்கிறார்கள், மற்ற ஐந்தும் வெறுமை. நூலகத்துக்கு மட்டும் வருகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கும் அது கூட்டத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பாடப்புத்தகத்தின்படி ரியூசனும் விளையாட்டும் இடைவெட்டும் தொடையில் 20 பேர்: 11, அறநெறிக்கும் சேர்த்துப் போகும் 6, நான்குக்கும் போகும் 3. என் பட்டியலிலோ 11. இரண்டும் சரிதான், கேள்விதான் வேறு. பட்டியலில் உள்ளது "இந்த இரண்டும், வேறொன்றும் இல்லை" என்ற பிரதேசம். படத்தில் எந்த எண்ணை எழுதினாலும் "மட்டும்" என்ற சொல் அதற்குச் சேருமா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, கூட்டுத்தொகை 60ஐத் தாண்டுகிறதே என்று முழித்தவன் நான்.

எதை வரைவது

இரண்டு தொடை என்றால் வட்டமே போதும். மூன்றென்றாலும் வட்டம்தான். ஆனால் வட்டத்தின் பரப்பைத் தொகைக்கு ஏற்றபடி பெருப்பிக்கப் போகாதீர்கள். இரண்டு வட்டங்களுக்கு அது சரியாக வரும். மூன்றுக்கு, மூன்று ஆரைகளும் மூன்று இடைத்தூரங்களுமாக ஆறு அளவுகளைத்தான் நீங்கள் திருப்பலாம். பொருத்தவேண்டிய பிரதேசங்களோ ஏழு. ஏதோ ஓரிடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். போதாததற்கு மனிதக் கண் பரப்பை ஒப்பிடுவதில் மகா மட்டம். 1984இல் கிளீவ்லண்ட், மக்கில் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர் கண் எதைச் சரியாக ஒப்பிடும் என்று வரிசைப்படுத்தியபோது, ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளையும் கோடுகளையும் ஒப்பிடுவதற்குப் பின்னால்தான் பரப்புகளை ஒப்பிடுவதை வைத்தார்கள். ஆகவே வட்டங்களை ஒரே அளவில் போட்டு, உள்ளே எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தீவு உதாரணத்தைப்போல ஒன்றோடொன்று சேரவே சேராத தொடைகள் இருந்தால் ஒயிலர் வரிப்படம் நல்லது. 1760களில் கணித மேதை ஒயிலர் ஒரு ஜேர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் இந்த வட்டங்கள் வருகின்றன, வென் பிறப்பதற்கு எழுபது வருடத்துக்கு முன்பே. வென்னின் படத்தில் எல்லாப் பிரதேசமும் இருக்கும், ஆள் இல்லாவிட்டாலும் இருக்கும். ஒயிலருடையதில் ஆள் இல்லாத பிரதேசத்தை வரைவதே இல்லை. இதில் ஒரு நுணுக்கம். "இருக்கவே முடியாது" என்றால் ஒயிலர் முறையில் விட்டுவிடலாம். "இந்த மாதம் யாரும் இல்லை" என்றால் இடத்தை விட்டு 0 என்று எழுதுவதுதான் நேர்மை. நூலகத்துக்கு மட்டும் வருகிற பிள்ளை அடுத்த மாதம் வரலாம், அவருக்கு ஒரு கதிரை போட்டு வைக்க வேண்டும்.

நான்கு தொடை வந்துவிட்டால் கவராயத்தைப் பெட்டிக்குள் வையுங்கள். இனி வேண்டியது அடிமட்டமும் சதுரக்கோட்டுக் கொப்பியும்.

கட்டம்: நான்கு தொடைக்கு என் முதல் தெரிவு

நான்குக்கு நான்கு, 16 கட்டங்கள் போடுங்கள். 16 பிரதேசங்கள் வேண்டும், 16 கட்டங்கள் இருக்கின்றன, ஒரு பிள்ளையும் தெருவில் நிற்காது. இனி ஒவ்வொரு தொடைக்கும் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளைக் கொடுக்க வேண்டும். இதுதான் இதில் உள்ள ஒரே தந்திரம்.

இடப்பக்கம் இருந்து 1ஆம் 2ஆம் நிரல்கள் ரியூசன். 2ஆம் 3ஆம் நிரல்கள் விளையாட்டு. இரண்டாவது நிரல் இரண்டுக்கும் பொது, நான்காவது நிரல் இரண்டும் இல்லாதது. அதேபோல மேலிருந்து 1ஆம் 2ஆம் நிரைகள் அறநெறி, 2ஆம் 3ஆம் நிரைகள் நூலகம், நான்காவது நிரை இரண்டும் இல்லாதது. மேலேயும் பக்கத்திலும் அந்தந்த இரண்டு வரிசைகளை அணைத்து ஒரு அடைப்புக் கோடு போட்டுப் பெயர் எழுதுங்கள். பெயர் வெளியே நிற்பதால் எவ்வளவு நீளமான தமிழ்ப் பெயரும் அடங்கும். எண்களை நிரப்பினால் இப்படி வரும்:

8 | 6 | 0 | 2
7 | 3 | 0 | 0
4 | 0 | 1 | 0
9 | 11 | 5 | 4

ஆச்சியின் பேரன் எங்கே? ரியூசனும் விளையாட்டும் சேர்ந்த இரண்டாவது நிரல், அறநெறியும் நூலகமும் இல்லாத கடைசி நிரை. 11 என்ற கட்டம். படத்தில் ஆகப் பெரிய எண்.

1, 2, 3, 4 என்று வழக்கமாக எழுதும் ஒழுங்கை விட்டு இப்படி அடுக்கியதற்குக் காரணம், பக்கத்துக் கட்டத்துக்குக் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தொடைதான் மாறவேண்டும் என்பது. 9 இலிருந்து 11க்கு நகர்ந்தால் விளையாட்டு மட்டும் கூடுகிறது. 11 இலிருந்து 5க்கு நகர்ந்தால் ரியூசன் மட்டும் கழிகிறது. இலத்திரனியல் படித்தவர்களுக்கு இது காணோ வரைபடம் என்று தெரிந்திருக்கும். மோரிஸ் காணோ 1953இல் சுற்றுகளைச் சுருக்குவதற்காகக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1880களில், சிறுவர் கதைகளால் பேர்போன லூயிஸ் கரோல் சதுரக் கட்டங்களில் சிவப்பு, சாம்பல் நிறக் காய்களை வைத்துத் தர்க்கத்தை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார். ஆள் இருக்கும் கட்டத்தில் சிவப்பு, இல்லாத கட்டத்தில் சாம்பல். அவர் உண்மையில் கணித ஆசிரியர்.

நிறம் தீட்ட விரும்பினால் எண் கூடக்கூட ஒரே நிறத்தைக் கடுமையாக்குங்கள். தொடைக்கு ஒரு நிறம் என்று தொடங்காதீர்கள். எங்கள் ஊரில் எந்தப் படமும் கடைசியில் போட்டோக்கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளையாகத்தான் பெருகும். என் நான்கு வட்டங்களின் சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பலாகிவிட்டன.

கோடுகள்: அடிமட்டம் மட்டும் போதும்

கட்டத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். ஆனால் எவ்வளவு பேர் என்பது கண்ணில் அறையாது, எண்ணை வாசிக்க வேண்டும். அதற்குக் கோட்டு வரிப்படம். தத்துவவாதியும் கணிதருமான லைப்னிட்ஸ் வென்னுக்கு ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்பே இப்படிக் கோடுகளால் வரைந்து பார்த்திருக்கிறார். வட்டத்தின் கவர்ச்சியில் அது பின்னுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஏ4 தாளைக் கிடையாக வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 4 மில்லிமீற்றர். 60 பிள்ளைகளுக்கு 24 சென்ரிமீற்றர். தாளின் அகலம் 29.7 என்பதால் இடப்பக்கம் பெயர் எழுத இடம் இருக்கும். 5 மில்லிமீற்றர் எடுத்தால் 30 சென்ரிமீற்றர் வந்து தாளை விட்டு வெளியே போய்விடும், நான் போனேன். இனி நான்கு தொடைக்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு வரிகள் விடுங்கள். 24 சென்ரிமீற்றரையும் பட்டியலில் உள்ள 11 கூட்டங்களுக்கும் நிலைக்குத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது சேர்ந்த தொடைகளின் வரிகளில் மட்டும் தடித்த கோடு இழுங்கள்.

எந்தக் கூட்டத்தை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் கைத்திறன். கண்டபடி அடுக்கினால் ஒவ்வொரு தொடையின் கோடும் துண்டு துண்டாக உடைந்து மோர்ஸ் தந்தி மாதிரி ஆகிவிடும். துண்டுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நான் துண்டுத்தாளில் எழுதி வெட்டி மேசையில் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்த ஒழுங்கு இது: ஒன்றுமில்லாதவர் 4, அறநெறி மட்டும் 2, ரியூசன் அறநெறி 8, அதோடு விளையாட்டும் 6, நான்கும் 3, ரியூசன் அறநெறி நூலகம் 7, ரியூசன் நூலகம் 4, ரியூசன் மட்டும் 9, ரியூசன் விளையாட்டு 11, விளையாட்டு மட்டும் 5, விளையாட்டு நூலகம் 1.

இப்படி வைத்தால் ரியூசன் உடையாமல் ஒரே கோடாக 192 மில்லிமீற்றர் ஓடும், தாளின் பெரும்பகுதியை அது தின்றுவிடுவது பார்த்த உடனே தெரியும். யாழ்ப்பாணத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அறநெறியும் ஒரே கோடு, 104. விளையாட்டு 36, 68 என்று இரண்டு துண்டு. நூலகம் நடுவில் 56. பிறகு தாளின் வலது விளிம்பில் தனியாக ஒரு 4 மில்லிமீற்றர்.

அந்த 4 மில்லிமீற்றர் ஒரு பெடியன். ரியூசன் இல்லாமல், பந்தடித்துவிட்டு வந்து புத்தகம் எடுக்கிற ஒரே ஆள்.

அந்தச் சின்னத் துண்டைப் பார்த்தபோதுதான் மற்றது விளங்கியது. விளையாட்டிலும் 26 பேர், அறநெறியிலும் 26 பேர். தொகை ஒன்றுதான். ஆனால் அறநெறிக்குப் போகிற 26 பேரில் 10 பேர் நூலகத்துக்கும் வருகிறார்கள், விளையாட்டுக் கழகத்தில் 4 பேர்தான். வட்டங்களில் இது ஒளிந்து கிடந்தது. காரணம் தேட ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு நாங்கள் நூலகக் கதவைத் திறக்கிறோம், அதே ஐந்து மணிக்கு மைதானத்தில் பந்து உருளுகிறது.

ஐந்துக்கு மேல் போனால்: புள்ளியும் சட்டமும்

ஐந்து தொடைக்கு 32 பிரதேசங்கள், ஆறுக்கு 64. கணிதக்காரர் இதற்கும் வளைகோடு கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்து ஒரே அளவு நீள்வளையங்களைப் பூ மாதிரிச் சுழற்றி வைத்து 32 பிரதேசங்களையும் கொண்டுவரலாம் என்று குருன்பௌம் 1975இல் காட்டினார். எட்வர்ட்ஸ் 1989இல் பல்சக்கரம்போல் நெளியும் கோடுகளால் இன்னும் மேலே கொண்டுபோனார். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு அவற்றை வரைவது ஒரு சுகம், மறுக்கவில்லை. சுவரில் மாட்டலாம். வாசிக்க முடியாது.

இதற்கு ஒரு பெயர்போன உதாரணம் வாழைப்பழம். 2012இல் வாழையின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அந்தக் கட்டுரையில் ஆறு தாவரங்களின் மரபணுக் குடும்பங்களை ஒப்பிட்டு வாழைப்பழ வடிவத்திலேயே ஆறு தொடை வென் வரிப்படம் ஒன்று போட்டார்கள். நீர்வேலியில் வாழைக்குலை பார்த்து வளர்ந்தவனுக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஆனால் அதில் ஒரு எண்ணைத் தொட்டு "இது எந்தெந்தத் தாவரத்துக்குப் பொது" என்று சொல்ல விரலால் கோடு பிடித்துப் பிடித்துப் போகவேண்டும்.

2014இல் லெக்ஸ், கேலன்போர்க் முதலிய ஐந்து பேர் அப்செட் என்ற முறையை வெளியிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், யாரும் மனமுடையத் தேவையில்லை. இதில் வளைகோடே கிடையாது. எங்கள் நான்கு தொடைகளையே சதுரக்கோட்டுக் கொப்பியில் இப்படிப் போடலாம்.

பக்கத்தின் கீழ்ப்பாதியில் தொடைக்கு ஒரு நிரையாக நான்கு நிரைகள். சேர்க்கைக்கு ஒரு நிரலாக 11 நிரல்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சின்னப் புள்ளி. அந்தச் சேர்க்கையில் உள்ள தொடைக்குப் புள்ளியைக் கறுப்பாக நிரப்புங்கள், இல்லாததை வெளிறவிடுங்கள். ஒரே நிரலில் உள்ள கறுப்புப் புள்ளிகளை நிலைக்குத்துக் கோட்டால் இணையுங்கள். இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் மேலே, ஒரு பிள்ளைக்கு ஒரு சதுரம் என்ற கணக்கில் சட்டம், அதாவது நிமிர்ந்த பட்டை ஒன்று எழுப்புங்கள். பெரியதில் இருந்து சிறியதுக்கு: 11, 9, 8, 7, 6, 5, 4, 4, 3, 2, 1. கோயில் படிக்கட்டு மாதிரி இறங்கும். இடப்பக்கம் ஒவ்வொரு தொடையின் மொத்தத்தையும் சின்னப் படுக்கைச் சட்டங்களாகப் போட்டால் (48, 26, 26, 15) வேலை முடிந்தது.

இதன் பலம், வெறும் சேர்க்கைகளுக்கு இடம் விடத் தேவையில்லை என்பது. பத்துத் தொடைக்கு ஆயிரத்து இருபத்துநான்கு பிரதேசம் வரலாம். நடைமுறையில் ஆள் இருப்பது முப்பதில்தான் என்றால் முப்பது நிரல்கள் போதும். பலவீனமும் உண்டு: முதல் தரம் பார்க்கிறவருக்கு ஒரு நிமிடம் விளங்கப்படுத்த வேண்டும். ஊர்க்கூட்டத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பது சந்தேகம். அறிக்கைக்கு அப்செட், கூட்டத்துக்குக் கட்டம் அல்லது கோடு என்பது என் வழக்கம்.

கணினியில் செய்வதென்றால் ஆர் (R), பைதன் (Python) என்ற கணினி மொழிகள் இரண்டிலும் இதற்கான பொதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் தமிழில் பெயர் போட்டவுடன் வெறும் சதுரப் பெட்டிகள் வரிசையாக வரக்கூடும். எழுத்துரு கிடைத்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" என்பது பிரிந்து நிற்கக்கூடும். மூன்று இரவு அதோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்களே இல்லாமல் படத்தை எடுத்து, இங்க்ஸ்கேப் மாதிரி வரையும் செயலி ஒன்றில் போட்டுத் தமிழை அங்கே தட்டச்சு செய்யுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பிரதி எடுத்து, பேனையால் எழுதுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒட்டுவதற்கு முன்

படத்தைக் கேட்டுச் சோதிக்க வேண்டும், பார்த்து அல்ல. "வடிவா இருக்கா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். இந்தத் தொகுப்பில் வேலை செய்யாத ஒருவரைப் பிடித்து மூன்று கேள்விகள் கொடுங்கள். ரியூசனுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் போகிறவர் எத்தனை? நூலகத்துக்கு வருகிற எல்லாருமாக எத்தனை? எங்கும் போகாதவர் எங்கே? விரல் தயங்கும் இடத்தில் படத்தில் பிழை. நான் ஆச்சியிடமே கொண்டுபோனேன். கட்டத்தில் முதல் கேள்விக்கு உடனே விரல் வைத்தார், இரண்டாவதில் 2ஆம் 3ஆம் நிரைகளைக் கூட்டத் தெரியாமல் நின்றார். அதனால் வலப்பக்கம் நிரைக் கூட்டுத்தொகைகளை எழுதி, நூலக அடைப்புக்குப் பக்கத்தில் 15 என்று போட்டேன்.

இன்னுமொன்று அவர்தான் சொன்னார், எனக்குத் தோன்றவில்லை. 1 என்று இருந்த கட்டத்தைத் தட்டி, "இது இன்னாரின்ர மகன் எல்லே" என்றார். பிறகு "ஒண்டுக்கும் போகாத நாலு பேரும் எந்த வீடெண்டும் எனக்குத் தெரியும்" என்றார். கொழும்பில் 1 என்பது ஒரு எண். எங்கள் ஊரில் அது ஒரு வீட்டு வாசல். பெயர் எழுதாவிட்டாலும் எழுதினது மாதிரித்தான், அதிலும் ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத வீடாக இருந்தால் சுவரில் ஒட்டுவது அநியாயம்.

ஆகவே இரண்டு பிரதிகள் செய்தோம். நிர்வாகசபைக்கு முழு எண்களோடு ஒன்று. சுவருக்கு ஒட்டும் பிரதியை அப்செட் முறையில் எடுத்து, அறநெறி மட்டும் 2, விளையாட்டு நூலகம் 1, ஒன்றுமில்லாதவர் 4 ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிக் கடைசியில் "மற்றவர்கள் 7" என்று ஒரே சட்டமாகப் போட்டோம். இடப்பக்க மொத்தச் சட்டங்களையும் எடுத்துவிட்டோம், அவற்றில் இருந்து கழித்து அந்த மூன்றையும் கண்டுபிடிக்கலாம் என்பதால். பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தும் ஒரு நிமிடத்தை நூலகப் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். நூலகத்தை இப்போது ஆறரைக்குத் திறக்கிறோம். அடுத்த தடவை இடாப்பு எடுக்கும்போது அதே விதியைத்தான் பாவிக்க வேண்டும் என்பதற்காக, "ஒரு மாதத்தில் இரண்டு தடவையாவது" என்ற வரியையும் திகதியையும் படத்தின் கீழ் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்.